பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்கள்

இசைவாணியின் மனதில் ஒரு மேசை இருந்தது. ஜன்னலோரம் போட்ட மேசை. மேலே ஒற்றை விளக்கு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்; உள்ளே ஒரே ஒரு ஆள், தானும் தன் வேலையுமாக இருப்பார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பனி எங்கே கொட்டப் போகிறது? அவள் நூலகத்திலிருந்து எடுத்துவந்து படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் கொட்டியது. எந்த நாட்டுக் கதையானாலும் யாராவது ஒருவர் அப்படி ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவளுக்கு அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகவே மனசு வராது.

கணினித் திரைக்கும் 'டெஸ்க்டாப்' என்று மேசையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் பிடித்த விஷயம். அந்த மேசையை அழகாக்குவதுதான் ஒரு வருஷமாக அவள் ஆசையாகச் செய்துவந்த வேலை. சம்பள வேலை வேறு. பாண்டிச்சேரிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே செய்வது. இது 'அலையாத்தி'க்காகச் செய்வது.

அலையாத்தி என்பது விண்டோஸ் மாதிரி கணினியை ஓட்டுகிற ஒரு லினக்ஸ். காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் கணினியில் போட்டுக்கொள்ளலாம். கடலூர் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து, பழைய கணினியிலும் ஓடுகிற மாதிரி, தமிழில் எல்லாம் தெரிகிற மாதிரி, அதைக் கட்டி வெளியிட்டுவந்தார்கள். பிச்சாவரத்துக் காட்டு மரத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது, சண்டை மட்டும் உண்டு. வருஷத்துக்கு ஒரு வெளியீடு. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உப்பங்கழி ஓரத்து ஊர் ஒன்றின் பெயர். இந்த வருஷம் 'கிள்ளை'.

கிள்ளையில் சேர்ப்பதற்காக இசைவாணி செய்து வைத்திருந்தது 'முகப்பு'. கணினியைப் போட்டதும், அல்லது செய்துகொண்டிருந்த வேலையை மூடியதும், கடைசியாகக் கை வைத்த கோப்புகள் எல்லாம் பெரிய பெரிய படங்களாகத் திரை நிறைய வந்து நிற்கும். பெயரைப் படித்துத் தேட வேண்டாம், படத்தைப் பார்த்துத் தொட்டால் போதும். படங்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதற்கே அவள் ஒரு மாதம் செலவழித்தாள். எந்தப் படமும் எந்தப் படத்தையும் அமுக்கக் கூடாது. எல்லாம் ஒரே அளவு, ஒரே மரியாதை.

குழுவில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியீட்டுப் பொறுப்பு லூர்துசாமியிடம். கடலூர் முதுநகரில் பள்ளிக்கூடக் கணினி வாத்தியார். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். புதிதாகச் செய்த எதுவானாலும், குழுவில் இல்லாத ஒருவர் தன் பிழைப்புக்கான இடத்தில் ஒரு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். வாரம் முடிவதற்குள் அவர் பழசுக்குத் திரும்பிவிட்டால் அது சேராது. நடுவில் எதையாவது மாற்றினால் வாரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"அடுத்த திங்கக்கிழமை கிள்ளையைப் பூட்டிடுவேன், வாணி. அப்புறம் நீ அழுதாலும் ஒரு வரி உள்ள போவாது. அடுத்த வருசம்தான்" என்றார் லூர்துசாமி.

அப்படித்தான் சித்திரை வெயிலில் ஒரு திங்கட்கிழமை காலை இசைவாணி சிதம்பரம் பஸ்ஸில் ஏறினாள். பாலிடெக்னிக்கில் கூடப் படித்த ரேகாவின் கடை மேல வீதியிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது. சேரன் கிராபிக்ஸ். ரேகாவும் அவள் வீட்டுக்காரர் செம்பியனும் நடத்துவது. சேரன் அவர்கள் பையன், யு.கே.ஜி. படிக்கிறவன்; அவன் பெயரில்தான் கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, திறப்பு விழா, கண்ணீர் அஞ்சலி, பல்கலைக்கழகப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று எல்லாவற்றையும் ரேகா திரையில் வடிவமைப்பாள். செம்பியன் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். வருகிறவர்களின் பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறி ஏறிக் கணினி படுத்துக்கொண்டே இருந்ததால், இரண்டு வருஷம் முன்பே அவர்கள் அலையாத்திக்கு மாறியிருந்தார்கள்.

"வாங்க விஞ்ஞானி" என்றார் செம்பியன். "போன தடவ நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு பிரிண்டர் ஒரு நாள் பூரா மௌன விரதம் இருந்துச்சு. இந்தத் தடவ எதுக்கு?"

"பிரிண்டரைத் தொட மாட்டேன் அண்ணே. திரைய மட்டுந்தான்."

"திரையா? அது என் பொண்டாட்டி டிபார்ட்மென்ட். எனக்கு அதுல ஓட்டு இல்ல."

ரேகா முகப்பைப் பார்த்தாள். பார்த்தபடியே ஒரு படத்தைத் தொட்டாள். திறந்தது. மூடினாள். அடுத்ததைத் தொட்டாள்.

"ஏய், நல்லாருக்குடி. தேடவே வேணாம் போல."

"ஒரு வாரம் வச்சுக்கோ. ஏதாவது தொந்தரவுன்னா சொல்லு. தயவு பாக்காத."

"உன்கிட்ட நான் எப்ப தயவு பாத்தேன்? என் ரெக்கார்டு நோட்ட வாங்கிட்டுப் போயி ரெண்டு நாள் கழிச்சுத் திருப்பிக் குடுத்தவ தானே நீ."

இசைவாணி வாரம் முழுக்க லீவு போட்டிருந்தாள். தினமும் காலையில் வந்து, கடைக்கு உள்ளே தாள் கட்டுகளின் மேல் உட்கார்ந்து ரேகாவின் கைகளையே பார்த்தாள். கைகள் முன்பைவிட வேகமாகப் போயின. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. திரும்புகிற பஸ்ஸில் மடியில் நாவல் விரித்தபடி கிடக்கும். ஆனால் அவள் அதைப் படிப்பதில்லை. எங்கோ ஓர் ஊரில், தெரியாத ஒருவர், மழை பெய்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் அலையாத்தியைத் திறப்பதையும், அவர் வேலைகளெல்லாம் அவருக்காகக் காத்திருந்தது போல வந்து நிற்பதையும் நினைத்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை கோவிந்தசாமி குடும்பம் வந்தது.

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக்காரர்கள். கோவிந்தசாமி, அவர் மனைவி புஷ்பவள்ளி, கல்யாணப்பெண் கனிமொழி. வைகாசியில் முகூர்த்தம், மாப்பிள்ளை இளவரசு. பத்திரிகை மாதிரியை முன்பே தேர்ந்தெடுத்துச் சொல்லிவிட்டார்கள். பெயர்களைச் சரிபார்த்துவிட்டு, மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தார்கள். ரேகாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல்கள். தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். கோவிந்தசாமி பின்னால் நின்றார்.

"பெரியப்பா பேருக்கு முன்னாடி 'திரு' விட்டுப்போச்சு பாரும்மா" என்றாள் புஷ்பவள்ளி.

"போட்டுட்டேங்க."

"சின்ன மாமா பேரு கீழ போயிடுச்சு. மேல ஏத்து. அப்புறம் அவரு கல்யாணத்துக்கு வந்து சாப்புடாம போயிடுவாரு."

"அவரு சாப்புடாம போவாரா?" என்றார் கோவிந்தசாமி. கனிமொழி சிரித்தாள்.

எல்லாம் சரியானது. அட்டைக்கு மேல் வரும் சின்ன ஓவியத்தில் இன்னொரு மாதிரி இருக்கிறதா என்று கனிமொழி கேட்டாள். "இருக்கே" என்று ரேகா பத்திரிகையை மூடினாள்.

முகப்பு வந்து நின்றது.

முதல் படம், கனிமொழி – இளவரசு திருமண அழைப்பிதழ், மஞ்சளும் சிவப்புமாக. அதை ஒட்டி, அதே அளவில், அதே மரியாதையோடு, மாலை போட்ட ஒரு கிழவரின் முகம். கண்ணீர் அஞ்சலி. காலையில் ரேகா முடித்துக் கொடுத்த சுவரொட்டி. ராஜமாணிக்கம் என்று பெயர். தோற்றம், மறைவு இரண்டும் போட்டு, கீழே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு படத்துக்கும் நடுவில் விட்டிருந்த இடம் மிகச் சரியாக இருந்தது. இசைவாணி ஒரு மாதம் பார்த்துப் பார்த்து விட்ட இடம்.

ரேகாவின் கை ஒரு கணம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. பிறகு எதையோ திறந்து அதை மறைத்தாள். ஆனால் பார்த்தாகிவிட்டது.

புஷ்பவள்ளி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, அது வேற யாரோ கஸ்டமரோடது..." என்றாள் கனிமொழி.

"தெரியுதுடி. எழுந்திரு." பிறகு ரேகாவிடம் மெதுவாக, "நாங்க அப்புறமா வர்றோம்மா" என்றாள்.

கோவிந்தசாமி ரேகாவைப் பார்த்துக் கையை விரித்தார். மூன்று பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு சந்தில் இறங்கிப் போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடையில் மேசை ஃபேன் மட்டும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரேகா..." என்றாள் இசைவாணி.

"இருடி. மொதல்ல ஒரு டீ சொல்லுவோம்."

டீ வந்தது. ரேகா பாதி குடித்துவிட்டுச் சொன்னாள்: "பழைய திரைல இது நடக்காது. ஏன்னு இப்பதான் யோசிக்கறேன். சாவு வேலை எல்லாத்தையும் நான் தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு, அடில மூலைல தள்ளி வச்சிருப்பேன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் மேல. யாரும் சொல்லிக் குடுக்கல. கை பாட்டுக்குப் பண்ணிக்கிட்டு இருந்திருக்குது. இப்ப நீ எல்லா ஃபோல்டர்லயிருந்தும் எடுத்து முன்னாடி வைக்கறியா..."

"நீ ஏன் சொல்லல?"

"எனக்கே இன்னிக்குத்தானே தெரியுது, சொல்றதுக்கு!"

செம்பியன் சுவரொட்டியைக் கொடுத்துவிட்டு வந்து, நடந்ததைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். "பத்திரிகை ஆர்டர் போனா போவட்டும். அந்தம்மா ஊருல போயி, சேரன் கிராபிக்ஸ்ல பத்திரிகை பாக்கப் போனா பொணம் காட்டுறாங்கன்னு சொல்லிச்சுன்னா? ரேகா, பழசையே போட்டுடு."

"மாமா, திங்கக்கிழம வரைக்கும் இருக்கட்டும். அவ ஒரு வருசம் ஒழைச்சிருக்கா." ரேகா இசைவாணி பக்கம் திரும்பினாள். "நான் பாத்துக்கறேன்டி. ஆள் இருக்கறப்ப எதையும் மூடாம ஓட்டிக்கறேன். உங்க வாத்தியாரு கேட்டா நல்லாருக்குன்னே சொல்லிடறேன். வெளியீடு ஆனதும் எனக்கு மட்டும் அணைச்சுக் குடுத்துடு. அவ்ளோதானே?"

அவ்வளவுதான். பொய்கூட இல்லை, பாதி உண்மை. இசைவாணி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தாள் கட்டின் மேல் போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்குத்தான் அவள் ரேகாவின் கைகளை விட்டுவிட்டு ஸ்டூல்களைப் பார்த்தாள். பத்திரம் ஸ்கேன் செய்ய வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து, திரையில் சிறிதாய்த் தெரிந்த இன்னொருவரின் பத்திரத்தை எட்டிப் பார்த்தார். ஆய்வேடு கொண்டுவந்த பெண், முன்னால் வந்தவரின் ரேஷன் கார்டில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். விசிட்டிங் கார்டு போட வந்தவர் ஸ்டூல் கிடைக்காமல் ரேகாவின் தோளுக்கு மேலே நின்று ஒவ்வொரு எழுத்துக்கும் அபிப்பிராயம் சொன்னார். சாயங்காலம்வரை ரேகா அந்தத் திரைக்கு முன் தனியாக இருந்த நேரம், டீ குடித்த நேரம்தான். அப்போதும் அவள் திரையைப் பார்க்கவில்லை.

பனி கொட்டுகிற ஜன்னலும் ஒற்றை விளக்கும் இசைவாணிக்கு ஞாபகம் வந்தன. அந்த மேசைக்குப் பக்கத்தில் அவள் ஒரு ஸ்டூல்கூடப் போட்டு வைத்திருக்கவில்லை.

ஆனாலும் விடத் தோன்றவில்லை. சிதம்பரத்திலிருந்து புறப்பட்ட பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டது. லூர்துசாமிக்குப் போன் போட்டாள், நடந்ததைச் சொன்னாள்.

"கோப்புப் பேருல 'அஞ்சலி'ன்னு இருந்தா முகப்புல காட்டாதன்னு ஒரு வரி எழுதிடலாம் சார். சின்ன மாத்தம். இதுக்காக வாரத்தை மறுபடி ஆரம்பிக்கணுமா?"

லூர்துசாமி சிரித்தார். "எங்க ஆளுங்க யாரும் அஞ்சலின்னு போட மாட்டாங்களேம்மா. 'ஆண்டவரில் இளைப்பாறினார்'னு போடுவோம். அதுக்கு ஒரு வரி எழுதுவியா? கருமாதிக்கு ஒரு வரி, படத்திறப்புக்கு ஒரு வரி? அஞ்சலின்னு ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் வந்தா அவ பத்திரிகை எங்க போவும்?"

இசைவாணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே உப்பளத்துப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ரேகா என்ன சொல்றாங்க? திரும்பிப் போறாங்களா?"

"இன்னும் போகல சார்."

"அப்ப திங்கக்கிழம பாத்துக்கலாம்" என்றார் லூர்துசாமி. அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு மேல் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். இசைவாணி பாத்திரம் எடுத்துக் கொடுத்தபடி, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். அம்மா மிக்ஸியை நிறுத்தினாள்.

"எந்தக் கூறுகெட்டவ அப்படிச் செஞ்சா? உங்க அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் கெளம்பி, தெருமுனைல சாவு மேளம் கேட்டுச்சுன்னு நாம திரும்பி வரல? செருப்பக் கழட்டிட்டு, தண்ணி குடிச்சிட்டு, அப்புறந்தானே போனோம். நீதானே மொதல்ல திரும்பலாம்மான்னு சொன்ன?"

ஆமாம், அவள்தான் சொன்னாள். அப்போது அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடலூரில் பிறந்து கடலூரிலேயே வளர்ந்தவள்தான். கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் எந்த ஊர்க்காரியாகவும் இல்லாமல் இருந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கடைக்குள் நுழையும்போதே சந்தில் கோவிந்தசாமி நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்து நிழலில் புஷ்பவள்ளியும் கனிமொழியும்.

"பொண்ணு இந்த மாடல்தான் வேணும்ங்குது. வேற கடைல காட்டுனது எதுவும் புடிக்கல" என்று அவர் ரேகாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கெழம, நல்ல நேரத்துலயே முடிச்சிடலாம்னு வந்தோம். ஆனா அவ உள்ள வரமாட்டேங்கறா. நீங்க ஏதாச்சும் பண்ணுங்கம்மா. அவ மனசுக்காவ."

ரேகா யோசிக்கவே இல்லை. சாமி படத்துக்குக் கீழே இருந்த மஞ்சள் தூளில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்தாள். ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, கணினித் திரையை மேலிருந்து கீழாகத் துடைத்தாள்.

"ஏய் ஏய், திரை போயிடப் போவுதுடி" என்றார் செம்பியன்.

"நீ சூடம் எடு மாமா, பேசாத."

சூடம் காட்டியாயிற்று. திரையின் ஓரங்களில் மஞ்சள் தீற்றல் காய்ந்துகொண்டிருந்தது. கோவிந்தசாமி வெளியே போய்க் கையசைத்தார்.

"பத்திரிகைய மட்டும் திறந்து வச்சுக்கறேன். எதையும் மூட மாட்டேன்" என்று ரேகா இசைவாணி பக்கம் குனிந்து சொன்னாள். "நீ கவலப்படாத. இன்னும் மூணு நாளுதானே."

இசைவாணி திரையைப் பார்த்தாள். முகப்பு தன் படங்களோடு நின்றது. கிழவர் ராஜமாணிக்கம் இரண்டாவது வரிசைக்கு நகர்ந்திருந்தார்; அவர் இடத்தில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. நாளைக்கு அந்த இடத்தில் யார் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ரேகா மூன்று நாள் எதையும் மூடாமல் சமாளித்துவிடுவாள். கிள்ளை வெளியானதும் விருத்தாசலத்திலோ மங்கலம்பேட்டையிலோ இன்னொரு ரேகா அதைப் போட்டுக்கொள்வாள். அவளுக்குப் பக்கத்திலும் ஸ்டூல் இருக்கும். அணைத்துக் கொடுக்க அங்கே இசைவாணி இருக்க மாட்டாள்.

"எழுந்திரு. ரெண்டு நிமிசம்" என்றாள்.

ரேகாவின் நாற்காலியில் உட்கார்ந்து அமைப்புகளைத் திறந்தாள். முகப்பை அணைத்தாள். படங்கள் ஒவ்வொன்றாகப் போகவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே கணத்தில் போயின. பின்னணியையும் வெறும் வெளிர் நிறமாக மாற்றினாள். திரை கழுவித் துடைத்த தரை மாதிரி ஆனது.

"ஏன்டி? வாரம் மறுபடி ஆரம்பிச்சுடுமே. திங்கக்கிழம..."

"ஆமா. அடுத்த வருசம் பாக்கலாம்."

"பைத்தியமாடி நீ?"

"அவுங்க வந்துட்டாங்க பாரு."

ரேகா உட்கார்ந்து பத்திரிகையைத் திறந்தாள். இசைவாணி எப்போதும் போலத் தாள் கட்டின் மேல் உட்காரப் போனவள், நின்று, உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலை இழுத்து வந்து அந்த இரண்டு ஸ்டூல்களுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இங்கிருந்து பார்க்கும்போது திரை வேறு மாதிரி இருந்தது. கொஞ்சம் சாய்வாக, கொஞ்சம் தூரமாக, ஆனால் முழுசாக.

புஷ்பவள்ளி முதலில் திரையைப் பார்க்கவில்லை. ஓரத்து மஞ்சளைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தாள். பெரியப்பா இருந்தார், 'திரு'வோடு. சின்ன மாமா மேலே ஏறியிருந்தார். கனிமொழி கேட்ட இன்னொரு ஓவியத்துக்காக ரேகா பத்திரிகையை மூடினாள். புஷ்பவள்ளியின் விரல் நடுவில் நின்றது. வெளிர் நிறம் மட்டும் தெரிந்தது. அடுத்த ஓவியம் வந்தது. விரல் இறங்கியது.

இசைவாணி மடியில் வைத்திருந்த போனில் லூர்துசாமிக்கு எழுதினாள்: 'முகப்பைக் கிள்ளையில சேர்க்க வேண்டாம் சார். நான்தான் எடுத்தேன். புதுசா யோசிக்கணும். இதை ரெண்டு பேர் பாப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல.' கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: 'சரிம்மா. பூட்டிடறேன். ஞாயிற்றுக்கிழம பூசை முடிஞ்சு வீட்டுக்கு வா, மீன் குழம்பு. பேசலாம்.' இரண்டு முறை படித்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

முதல் பத்திரிகையும் கூடவே ஒரு சின்னக் கட்டும் அச்சாகி வந்தன. செம்பியன் எல்லாவற்றின் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து முதல் பத்திரிகையை நீட்ட, புஷ்பவள்ளி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழுந்தவள் பக்கத்து ஸ்டூலில் இருந்தவளை அப்போதுதான் கவனித்தாள்.

"இது யாரு? நேத்தும் இருந்துச்சே இந்தப் பொண்ணு."

"என் கூடப் படிச்சவ" என்றாள் ரேகா. "இந்தத் திரைய பண்ணது இவதான்."

புஷ்பவள்ளி திரும்பித் திரையைப் பார்த்தாள். பத்திரிகை மூடப்பட்டு, வெளிர் நிறம் மட்டும் இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லியேம்மா?"

"ஆமாங்க" என்றாள் இசைவாணி. "ஒண்ணும் இல்ல."

"அதுக்கே ஒரு வருசம் ஆச்சு" என்றாள் ரேகா.

புஷ்பவள்ளிக்கு அது விளங்கவில்லை. ஆனால் பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, "கல்யாணத்துக்கு வந்துடு" என்று இசைவாணியின் கையில் கொடுத்தாள். மூலையில் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது.